மாவுப் பெட்டி மேல் போட்ட கையெழுத்து

உயில் புத்தகம் எழுதுகிறவனுக்கு ஊரில் மரியாதை உண்டு, விருந்து கிடையாது. யார் செத்தால் யாருக்கு என்ன என்பது என் வலது கைக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். பதினொரு வருஷமாக எங்கள் கவுண்டி கோர்ட்டில் இதே வேலைதான். என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நீதிபதி பர்னெட் கண்ணாடி போடாமல் படிக்கிற ஒரே கையெழுத்து என்னுடையதுதான். அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறந்தேன். அதனால் ஸ்டாம்பர் வீட்டு அடுப்பே அணையப் பார்த்தது.

ஜூலை மாதக் கோர்ட் நாளன்று கிழவர் ஜபெஸ் ஸ்டாம்பர் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். வெளியே குதிரைக்குக் குதிரை மாற்றி வியாபாரம் பண்ணுகிறவர்களின் கூச்சல். கிழவர் அதைவிடச் சத்தமாகப் பேசுவார்.

"எழுதுய்யா ஆம்ப்ரோஸ். எல்லாம் லூரீனாவுக்கு. வீடு, ஓடைக்கரை வயலு, மேட்டுக்காடு, கோவேறு கழுதை. கழுதைய மறந்துடாத, அதுக்கு அவள விட்டா யார் சொல்லும் ஏறாது."

லூரீனா அவருடைய மருமகள். மகன் இருபத்திரண்டு வயதில் போருக்குப் போனவன் திரும்பவில்லை. பிள்ளைகுட்டி இல்லை. அவளுடைய அண்ணன்மார் வண்டியோடு வந்து கூப்பிட்டபோது, "பீன்ஸ் போட்டிருக்கேன், பறிச்சிட்டு வர்றேன்" என்றாளாம். பீன்ஸ் பறித்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. மாமனாரும் அவளுமாக அந்த மலையடிவாரத்தை உழுதார்கள்.

எழுதிக் கொடுத்தேன். "மாமா, இதுல பங்கு இல்லாத ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றும் சொன்னேன். "நேரம் வரும்போது போட்டுக்கறேன்" என்று காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார். சாட்சிகள் அவர் பார்க்கிற இடத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும், கட்டிலில் படுத்திருந்தால் படுத்த இடத்திலிருந்து அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்த உயில் செல்லாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளியே ஒரு நல்ல சிவப்புக் குதிரை வந்திருந்தது. என் கவனம் ஜன்னலில் இருந்தது.

ஆகஸ்டில் கிழவர் படுத்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை கொல்லர் மைக்கா நோபிளையும் மருத்துவச்சி டைசி அத்தையையும் கூப்பிட்டு உயிலில் தன் குறியைப் போட்டார். அவர் படுத்திருந்த அறையில் காகிதம் வைக்க ஒரு மேஜை கிடையாது. சாட்சிகள் இரண்டு பேரும் அடுக்களைக்குப் போய், மாவுப் பெட்டியின் மூடிமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கிழவர் போய்ச் சேர்ந்தார்.

செப்டம்பர் கோர்ட்டில் உயிலைக் கொண்டுவந்தாள் லூரீனா. எதிர்த்தவன் ஹைரம் ஸ்டாம்பர், கிழவருடைய செத்துப்போன தம்பியின் மகன். உயில் செல்லாமல் போனால் சொத்து ரத்த உறவான அவனுக்கு. மருமகளுக்கு அவள் கட்டியிருக்கிற துணியும், வரும்போது கொண்டுவந்த தறியும்தான். ஹைரம் கெட்டவன் இல்லை. ஆறு பிள்ளைகள், மலைக்கு அந்தப்பக்கம் கல்லுக் காடு, அதில் மண்ணைத் தேடித்தான் விதைக்க வேண்டும். ஓடைக்கரை வயலைப் பார்த்தால் அவனுக்கு நாக்கு ஊறாதா?

டைசி அத்தையை முதலில் கூப்பிட்டார்கள். ஹைரமின் வக்கீல் டில்லார்ட் எழுந்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்டத ஜபெஸ் பாத்தாரா?"

"எனக்கே என் கை தெரியாதுய்யா. ரெண்டு கண்ணுலயும் பொரை. நான் எங்க குறி போட்டேன்னு மைக்காதான் விரலப் பிடிச்சு வச்சான். அவரு பாத்தாரா பாக்கலியான்னு என்னக் கேட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து யாருக்கோ பிரசவ வலி என்று ஆள் வந்துவிட்டான். நீதிபதி அத்தையை அனுப்பிவிட்டார். குழந்தை கோர்ட்டுக்காகக் காத்திருக்குமா?

அடுத்தது மைக்கா. இரும்பை வளைக்கிற மனுஷன், தன் வார்த்தையை மட்டும் ஒரு நாளும் வளைக்கமாட்டார். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"கட்டில் எப்படிக் கெடந்துச்சு?" என்றார் வக்கீல்.

"தரைப்பலகை ஓடற வாக்குல கெடந்துச்சு. தலைமாடு அடுக்களைப் பக்கம்."

"அப்ப அடுக்களை வாசல் அவரு முதுகுக்குப் பின்னால. மாவுப் பெட்டிய அவரால பாத்திருக்க முடியுமா?"

மைக்கா யோசித்தார். "முடியாதுங்க" என்றார்.

லூரீனா எழுந்தாள். "ஐயா, கட்டில் அன்னிக்கு அப்படிக் கெடக்கல. பலகைக்குக் குறுக்க, வாசல் பக்கவாட்டுல தெரியற மாதிரிதான் கெடந்துச்சு. வியாழக்கிழமை நான் பால் கறந்துட்டு வர்றதுக்குள்ள யாரோ திருப்பிப் போட்டிருந்தாங்க."

"யாரு?"

"கேக்கலீங்க. மாமா இழுத்துக்கிட்டிருந்தாரு. அந்த நேரத்துல யாரு கேப்பா?"

"கட்டில் தானா திரும்பிப் படுத்துக்கிச்சோ?" என்றார் வக்கீல். மறுபடி சிரிப்பு. எங்கள் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தரைப்பலகைக்குக் குறுக்கே கட்டில் கிடந்தால் உயிர் சுலபமாகப் பிரியாது என்று பலகை வாக்கில் திருப்பிப் போடுவார்கள். ஆனால் எப்போது, யார் என்று சாட்சி வேண்டும். பலன் அடைகிறவள் வாயால் சொன்னால் எடுபடாது. நீதிபதி அடுத்த மாதம் முதல் திங்களுக்குத் தள்ளிவைத்தார். அதுவரை வீட்டுச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் எடுத்துவைக்கும்படி மைக்காவையும் இன்னொரு அண்டை வீட்டுக்காரரையும் நியமித்தார். எழுத நான். இவ்வளவு நேரமும் ஹைரம் தன் பூட்ஸின் மூக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பட்டியல் எடுக்க நாங்கள் போன நாள் பாகு காய்ச்சுகிற நாளாக அமைந்துவிட்டது. உறைபனி விழுவதற்குள், கரும்பு மாதிரித் தட்டையில் இனிப்புச் சாறு உள்ள சீனிச்சோளத்தை வெட்டி ஆட்டிக் காய்ச்சிவிட வேண்டும். தட்டைக்குக் கோர்ட் வாய்தா எல்லாம் தெரியாது. ஓடைக்கரையில் ஆலையைப் போட்டு, நீளமான கம்பில் அந்தக் கோவேறு கழுதையைப் பூட்டியிருந்தாள் லூரீனா. அது சுற்றிச் சுற்றி வந்தது. பச்சைச் சாறு கோணிச்சாக்கு வழியாக வடிந்து தொட்டியில் விழுந்தது. அகலக் கொப்பரையில் சாறு கொதித்து, பச்சை நுரை பொங்கப் பொங்க அவள் நீண்ட கரண்டியால் வழித்துக் குழியில் ஊற்றினாள். முழங்கை வரை பிசுபிசுப்பு. முகம் அடுப்புச் சூட்டில் சிவந்திருந்தது. குளவிகள் அவளைச் சட்டைசெய்யவில்லை, அவளும் அவற்றைச் சட்டைசெய்யவில்லை.

ஆலையில் தட்டை கொடுத்துக்கொண்டு குனிந்திருந்த ஆளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹைரம்.

"இவன் எங்க இங்க?" என்றேன் லூரீனாவிடம், ரகசியமாக.

"வருஷா வருஷம் வர்றவன்தானே. வரவேண்டாம்னு நான் சொல்லல."

"உன் வீட்டப் புடுங்க வந்தவன்!"

"அது திங்கக்கிழமை. இன்னிக்கு வியாழக்கிழமை. தட்டை காஞ்சா யாருக்கு லாபம்?" என்று நுரையை வழித்தாள். "ஹைரம், கைய உள்ள விட்டுடாத, கழுதை நிக்காது."

"தெரியும் அண்ணி" என்றான் அவன், தலையைத் தூக்காமல்.

இரண்டாவது அண்டை வீட்டுக்காரர் பல்வலி என்று சொல்லிக் கொப்பரைப் பக்கமே உட்கார்ந்துவிட்டார். பல்வலிக்காரர் தட்டைச் சக்கையைப் பாகில் தொட்டுத் தொட்டு நக்கினார். நானும் மைக்காவும் வீட்டுக்குள் போனோம். அடுக்களையில் தொடங்கினேன். மாவுப் பெட்டி ஒன்று, மூடியோடு. இரும்புச் சட்டி மூன்று. மோர் கடையும் தாழி ஒன்று. உத்தரத்தில் கோர்த்துத் தொங்கவிட்ட உலர்ந்த பீன்ஸ் ஏழு சரம். ஒரு வீட்டின் வாழ்க்கையை இப்படி வரிசையாக எழுதுவது எனக்குப் பழகிப்போனதுதான். அன்றைக்கு மட்டும் கை ஓடவில்லை. அந்தச் சட்டிகளில் நான் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன்.

அறைக்குப் போனோம். கட்டில் பலகை வாக்கில் கிடந்தது, மைக்கா கோர்ட்டில் சொன்ன மாதிரியே. "கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று" என்று எழுதக் குனிந்தவன் தரையைப் பார்த்தேன்.

மூட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கக் கட்டில் கால் நான்கையும் தகரக் குவளையில் மண்ணெண்ணெய் ஊற்றி நிறுத்துவது எல்லா வீட்டிலும் உண்டு. குவளை கசியும். அந்தத் தரையில் நான்கு கறுப்பு வட்டங்கள் இருந்தன, மரத்துக்குள் ஊறிப் பளபளத்துக்கொண்டு. கட்டில் இப்போது கிடக்கிற இடத்தில் அந்த வட்டங்கள் இல்லை. பலகைக்குக் குறுக்கே, அடுக்களை வாசலுக்கு நேராக இருந்தன.

"மைக்கா மாமா, இங்க பாருங்க!"

அவர் மண்டியிட்டு விரலால் தடவினார். மோந்து பார்த்தார். எழுந்து வட்டங்களுக்கு நடுவில் போய் மல்லாக்கப் படுத்தார், பூட்ஸோடு. தலையைத் திருப்பி வாசல் வழியாக மாவுப் பெட்டியைப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

"முழுப் பெட்டியும் தெரியுது" என்றார் கடைசியில்.

"அப்ப கோர்ட்ல வந்து சொல்லுங்க, தப்பா ஞாபகம் வச்சிட்டேன்னு."

"எப்படிய்யா சொல்லுவேன்? கண்ண மூடினா கட்டில் பலகை வாக்குலதான் தெரியுது. வெள்ளிக்கிழமை அவரு போனப்புறம் வந்து சவரம் பண்ணிவிட்டேன். தலைமாட்டுல நின்னேன், முதுகு அடுக்களைப் பக்கம். அதான் மனசுல நிக்குது. செவ்வாக்கிழமை நான் பேனாவத் தவிர எதையும் பாக்கல. என் பேர எழுதறது எனக்கு லாடம் அடிக்கறதவிடக் கஷ்டம்."

"இந்த வட்டம் இருக்கே."

"வட்டம் இருக்குன்னு சத்தியம் பண்றேன். ஆனா கட்டில் எப்ப திரும்புச்சுன்னு தரை சொல்லலியே. திங்கக்கிழமையே திரும்பியிருந்தா? ஒரு தடவை வேதப்புத்தகத்துல கை வச்சு ஒண்ணு சொல்லிட்டேன். மனசுல தெரியாத இன்னொண்ண எப்படிச் சொல்ல?" அந்தப் பெரிய உருவத்தின் கண்ணில் நீர் முட்டியது. "அவ வீட்ட நானே பிடுங்கிட்டேன் போல இருக்குய்யா."

வெளியே வந்தோம். கொப்பரைக்குப் பக்கத்தில் டைசி அத்தை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண் தெரியாவிட்டாலும் பாகு பதம் வந்ததைக் கொப்புளம் வெடிக்கிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். ஊரில் அவள் சொல்லாமல் யாரும் கொப்பரையை இறக்கமாட்டார்கள். லூரீனா எங்களுக்கு மக்காச்சோள ரொட்டியும் மோரும் கொடுத்தாள், ரொட்டிமேல் சூடான பாகு. ஹைரம் ஆலையிலிருந்து கத்தினான்.

"இந்தத் தட்டைக்கட்ட எந்தப் பக்கம் போடணும், அண்ணி?"

டைசி அத்தை தலையைத் திருப்பினாள். "இதே குரல்தான். அன்னிக்கும் இப்படியேதான் கேட்டான், 'எந்தப் பக்கம் தூக்கணும் அத்தை'ன்னு."

லூரீனாவின் கரண்டி நின்றது. "என்னிக்கு அத்தை?"

"உங்க மாமா இழுத்துக்கிட்டுக் கெடந்த அன்னிக்கு. நீ மாட்டுக் கொட்டாய்ல இருந்த. நான்தான் கட்டிலத் திருப்பச் சொன்னேன். தலைப்பக்கம் நான் பிடிச்சேன், கால்பக்கம் அவன். தூக்கும்போது அழுதான் பாவம். அப்புறம், 'யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தை, சொத்துக்கு அவசரப்பட்டுத் திருப்பிட்டான்னு பேசுவாங்க'ன்னான். எனக்கென்ன, நான் சொல்லல. இப்ப வாயில வந்துடுச்சு."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஹைரம் ஊருக்கு வந்ததே வியாழக்கிழமை. கையெழுத்து விழுந்தது செவ்வாய்க்கிழமை, கட்டில் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால். "அத்தை, திங்கக்கிழமை கோர்ட்டுக்கு வந்து இத அப்படியே சொல்லிடுங்க" என்றேன்.

"குருட்டுச் சாட்சின்னு அந்த வக்கீலு என்னக் கிழிச்சு எறிஞ்சிடுவான்" என்றாள் அத்தை.

"அத்தை வரவேணாம்" என்றாள் லூரீனா. "ஹைரமையே கேட்டுக்கறேன்."

"இப்பவே கேளு. இதோ நிக்கறானே."

"இப்ப கேட்டா கெஞ்சற மாதிரி ஆயிடும். அங்க கேக்கறேன், புத்தகத்துல அவன் கை இருக்கும்போது."

"பொய் சொல்லிடுவான் லூரீனா! போன மாசம் நீ கட்டில் திரும்பினதச் சொன்னப்போ வாயத் தொறந்தானா?"

"யாரும் அவனக் கேக்கலியே." அவள் மறுபடி நுரையை வழித்தாள். "கேக்காதப்போ சும்மா இருக்கறது வேற, கேட்டப்புறம் இல்லேங்கறது வேற. அவன் செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான் ஆம்ப்ரோஸ். அழுதுக்கிட்டே செஞ்சது. அத அவனால இல்லேன்னு சொல்ல முடியாது. நீ ரொட்டியத் தின்னு, ஆறிடும்."

அவளுக்கு இருந்த நம்பிக்கையில் கால்வாசி எனக்கு இல்லை. அந்த நாலு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை கோர்ட் ஜன்னல் வரை கூட்டம். நான் தரையில் பார்த்ததைச் சொன்னேன். மைக்காவும் வட்டங்கள் இருப்பதாகச் சத்தியம் செய்தார். வக்கீல் டில்லார்ட் சிரித்தபடி எழுந்து, "வட்டம் கட்டில் இருந்த இடத்தச் சொல்லும், கிழமையச் சொல்லாது" என்றார். மைக்கா சொன்ன அதே வாதம். நீதிபதி தலையாட்டினார்.

"நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார் நீதிபதி.

"சொல்ல ஒண்ணும் இல்லீங்க. ஹைரம்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

வக்கீல் ஆட்சேபித்தார். "வழக்குப் போட்டவன் வாய் இருக்கறவன்தானே, கேக்கட்டும்" என்றார் நீதிபதி. ஹைரம் வந்து நின்றான். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேதப்புத்தகத்தில் கை வைத்தான். விரலில் இன்னும் தட்டைச் சாற்றின் பச்சைக் கறை.

"ஹைரம், மாமா கட்டிலப் பலகை வாக்குல திருப்பினது யாரு?"

வக்கீல் குறுக்கே வந்தார். "ஞாபகம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லலாம்."

ஹைரம் கக்கத்துத் தொப்பியை இன்னும் இறுக்கிக்கொண்டான். ஆறு பிள்ளைகளும் ஓடைக்கரை வயலும் அவன் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும். எனக்கு அந்த நிமிஷம் அவன்மேல் இரக்கம்தான் வந்தது. லூரீனா அவசரப்படுத்தவில்லை. பாகு பதத்துக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றாள்.

"நான்தான்" என்றான். "டைசி அத்தை சொன்னாங்க. கால்பக்கம் நான் பிடிச்சேன். பெரியப்பா மூச்சுக்குத் தவிச்சாரு, பாக்க முடியல. சொத்துக்காகப் பண்ணல."

"எனக்குத் தெரியும்ப்பா. என்னிக்கு?"

"வியாழக்கிழமை சாயங்காலம். நான் வந்த அன்னிக்கு."

"நீ வரும்போது கட்டில் எப்படிக் கெடந்துச்சு?"

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹைரம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பலகைக்குக் குறுக்க, அடுக்களை வாசலுக்கு நேரா. நான் பின்வாசல் வழியாத்தான் வந்தேன். தொப்பியக் கழட்டி மாவுப் பெட்டி மேல வச்சேன். அவரு கட்டில்ல படுத்தபடியே பாத்துட்டு..." அவன் குரல் உடைந்தது. "பாத்துட்டு, 'எட்றா தொப்பிய, அது மாவு இருக்கற பெட்டி'ன்னாரு. எங்கிட்ட அவரு பேசினது அவ்வளவுதான். அப்புறம் பேச்சு நின்னுடுச்சு."

கூட்டம் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டது. கிழவரின் குரலை அந்த அறையில் எல்லோரும் கேட்டுவிட்டோம். மைக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நீதிபதி பர்னெட் என்னைப் பார்த்து, "உயில் நிரூபணமாச்சு. புத்தகத்துல ஏத்து" என்றார்.

அன்று பிற்பகலே ஏற்றினேன், என் வாழ்நாளிலேயே நல்ல கையெழுத்தில். 'சாட்சிகளின் சத்தியத்தின்பேரில் நிரூபிக்கப்பட்டு, பதிவுசெய்ய உத்தரவாயிற்று.' அவ்வளவுதான் எழுத இடம். தொப்பியைப் பற்றி எழுத அந்தப் புத்தகத்தில் வரி கிடையாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கோர்ட் வாசலில் ஹைரம் யாரையும் பார்க்காமல் குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். லூரீனா நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"ஓடைக்கரை வயல்ல பாதிய என்னால உழ முடியல. வசந்தத்துல ஏரு பூட்டிக்கிட்டு வா. விளையறது உன் பிள்ளைங்களுக்கு."

"அண்ணி, நான் உங்க மேல கேஸ் போட்டவன்."

"ஆமா. அதுக்குத்தான் கழுதையையும் நீயே பூட்டு. அது உன்ன நல்லா உதைக்கும்."

அடுத்த மேயில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கட்டில் பழையபடி குறுக்கே, நான்கு கறுப்பு வட்டங்களில் நின்றது. ஓடைக்கரையில் ஹைரம் கழுதையோடு சண்டை போடுகிற சத்தம் வீடுவரை கேட்டது. அடுக்களையில் எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள் லூரீனா. வெயிலில் வந்த நான் தொப்பியைக் கழற்றிக் கை போன இடத்தில் வைத்தேன்.

"எடு அத" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மாவுப் பெட்டிக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தது. அதில் ஹைரமின் மேல்சட்டை தொங்கியது. பக்கத்தில் இன்னொரு ஆணி காலியாக இருந்தது. என் தொப்பியை அதில் மாட்டினேன்.